லேப்டாப் பேட்டரி ஹெல்த் 88 சதவீதம்னு காட்டுதா? பதறணுமா, மாத்தணுமா..? எண்களைப் படிப்பது எப்படி? | முழு விளக்கம்

"புது லேப்டாப். வாங்கி சில மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள பேட்டரி ஹெல்த் 88 சதவீதம்னு காட்டுது. கம்பெனி ஏமாத்திட்டாங்களா?"

லேப்டாப் வைத்திருக்கும் கல்லூரி மாணவர்கள் பலருக்கும் வரும் சந்தேகம் இது. தமிழ்நாட்டில் இப்போது இந்தக் கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அதற்கு முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தொடர்ந்து 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் லேப்டாப் விநியோகம் தொடங்கியது. முதல் கட்டமாக 10 லட்சம் பேருக்கு என்பது திட்டம்.

அதாவது, லட்சக்கணக்கான லித்தியம் பேட்டரிகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் மாணவர்கள் கைக்குப் போகின்றன. அவை அத்தனையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வயதாகவும் போகின்றன. அரசு கொடுப்பது ஒருமுறைதான். பேட்டரி போனால் அடுத்தது சொந்தச் செலவு. அதனால் ஸ்கிரீனில் தெரியும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்வது சில ஆயிரம் ரூபாய் விவகாரம்.

கன்னியாகுமரி மாவட்டம் பூதப்பாண்டியில் இருந்து நாகர்கோவில் கல்லூரிக்கு பஸ்ஸில் போய் வரும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். காலையில் 100 சதவீத சார்ஜோடு கிளம்புகிறார். மதியம் லேப் முடிவதற்குள் 20-க்கு வந்துவிடுகிறது. கடையில் கேட்டால் 'பேட்டரி மாத்தணும்' என்கிறார்கள். அவர் என்ன செய்ய வேண்டும்? படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தை முடிச்சிடலாம்: சார்ஜ் வேறு, ஹெல்த் வேறு

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க பேச்சிப்பாறை அணை போதும்.

'பேச்சிப்பாறை நீர்மட்டம் 40 அடி' என்று செய்தியில் சொல்கிறோம். முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. இந்த 48 என்ற எண் மாறாது. ஆனால், எந்த நீர்த்தேக்கமாக இருந்தாலும் அடியில் வண்டல் சேரச் சேர, அதே உயரத்துக்குள் நிற்கும் தண்ணீரின் அளவு குறையும். அளவுகோல் 'நிரம்பிவிட்டது' என்றுதான் காட்டும். ஆனால் மதகைத் திறந்தால் முன்பு வந்த அளவு தண்ணீர் வராது.

பேட்டரியும் இப்படித்தான். ஸ்கிரீன் மூலையில் தெரியும் 100 சதவீதம் என்பது நீர்மட்டம். 'இப்போது உள்ள கொள்ளளவில் முழுசா நிரம்பிடுச்சு' என்று மட்டுமே அது சொல்கிறது. கொள்ளளவே எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைச் சொல்வதுதான் பேட்டரி ஹெல்த்.

இதைக் கணக்கிட இரண்டு எண்கள் போதும்:

• டிசைன் கெப்பாசிட்டி: தயாரிக்கும்போது இவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று நிர்ணயித்த அளவு. இது மாறாது.

• ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி: இன்றைய தேதியில் முழுசா சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு. இது காலப்போக்கில் குறையும்.

இரண்டாவதை முதலாவதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஹெல்த் சதவீதம். உதாரணத்துக்கு டிசைன் 41,040, ஃபுல் சார்ஜ் 36,115 என்று இருந்தால் ஹெல்த் 88 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு.

இந்த எண்களை எங்கே பார்ப்பது?

தனி ஆப் எதுவும் தேவையில்லை. எல்லா லேப்டாப்பிலும் வழி ஏற்கெனவே இருக்கிறது.

விண்டோஸ்: ஸ்டார்ட் மெனுவில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று தேடித் திறக்கவும். கறுப்புத் திரையில் 'பவர்சிஎஃப்ஜி' என்று டைப் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லையும் அதோடு சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளையும் இடைவெளி விடாமல் சேர்த்து அடிக்கவும். பிறகு ஒரு இடைவெளி, ஒரு முன்சாய்வுக் கோடு, அதை ஒட்டியே 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டவும். ரிப்போர்ட் எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று திரையிலேயே காட்டும். அந்த ஃபைலை பிரவுசரில் திறந்தால் 'இன்ஸ்டால்டு பேட்டரீஸ்' என்ற பகுதியில் இரண்டு எண்களும் இருக்கும்.

லினக்ஸ்: அரசு லேப்டாப்களில் விண்டோஸ் 11 உடன் பாஸ் லினக்ஸும் தரப்படுகிறது. அதில் டெர்மினலைத் திறந்து 'யுபவர்' (ஆங்கிலத்தில் யு என்ற எழுத்தும் பவர் என்ற சொல்லும் சேர்ந்தது), ஒரு இடைவெளி, சிறு கோடு, அதை ஒட்டி சின்ன எழுத்தில் 'டி' என்று அடிக்கவும். 'எனர்ஜி ஃபுல்', 'எனர்ஜி ஃபுல் டிசைன்' என்ற வரிகளைப் பாருங்கள். 'கெப்பாசிட்டி' என்ற வரியில் சதவீதமே கணக்குப் போட்டு இருக்கும்.

மேக்புக்: சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் 'பேட்டரி ஹெல்த்' இருக்கும். அதில் 'மேக்ஸிமம் கெப்பாசிட்டி' என்று சதவீதம் தெரியும்.

எம்ஏஹெச்சா, வாட் அவரா? இங்கேதான் பலர் ஏமாறுறாங்க

விண்டோஸ் ரிப்போர்ட்டில் எண்கள் பொதுவாக 'மில்லிவாட் அவர்' கணக்கில் இருக்கும். ஆனால் பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 'மில்லியாம்ப் அவர்', அதாவது எம்ஏஹெச் கணக்கும் இருக்கும். 'ஸ்டிக்கரில் 3,600, ரிப்போர்ட்டில் 41,000. எது சரி?' என்று குழம்ப வேண்டாம். இரண்டும் சரியாக இருக்கலாம்.

எம்ஏஹெச் எண்ணை வோல்டேஜால் பெருக்கினால் மில்லிவாட் அவர் கிடைக்கும். 3,600 எம்ஏஹெச் பேட்டரியின் வோல்டேஜ் 11.4 என்றால், 3,600 × 11.4 = 41,040 மில்லிவாட் அவர். அதாவது சுமார் 41 வாட் அவர்.

மாற்று பேட்டரி வாங்கும்போது 'இது 4,000 எம்ஏஹெச், உங்க பழசு 3,600தான்' என்று யாராவது சொன்னால், வோல்டேஜ் எவ்வளவு என்று கேளுங்கள். 4,000 எம்ஏஹெச், 7.6 வோல்ட் என்றால் மொத்தம் 30.4 வாட் அவர்தான். எண் பெரியது, கொள்ளளவு சின்னது! அதோடு, வோல்டேஜ் மாறுபட்ட பேட்டரி உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்தவும் பொருந்தாது. ஒப்பிட வேண்டியது வாட் அவரை மட்டும்தான்.

நேற்று 88, இன்னைக்கு 91.. எண் ஏன் ஏறி இறங்குது?

பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப்தான் இந்த வேலையைச் செய்கிறது. உள்ளே எவ்வளவு கரண்ட் போனது, வெளியே எவ்வளவு வந்தது என்று எண்ணுகிறது. வோல்டேஜையும் வெப்பத்தையும் பார்க்கிறது. இவற்றை வைத்து ஒரு மதிப்பீடு சொல்கிறது.

எப்போதும் 60-க்கும் 90-க்கும் நடுவிலேயே சார்ஜ் ஏறி இறங்கினால், அடிமட்டம் எங்கே இருக்கிறது என்று சிப்புக்குச் சரியாகத் தெரியாது. அதனால் மதிப்பீட்டில் பிழை சேரும். ஒருநாள் நன்றாகக் காலியாகி மறுபடி முழுசா ஏறும்போது அது தன்னைத் திருத்திக்கொள்ளும். அப்போது எண் சட்டென்று மாறும். புது லேப்டாப்பில் 97 என்றோ 103 என்றோ காட்டுவதும் இப்படித்தான்.

எனவே ஒருநாள் ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. விண்டோஸ் ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் 'பேட்டரி கெப்பாசிட்டி ஹிஸ்டரி' என்று வாரவாரியான பட்டியல் இருக்கும். அது மெதுவாக, சீராக இறங்கினால் இயல்பான தேய்மானம். ஒரே மாதத்தில் 95-ல் இருந்து 70-க்கு விழுந்து, பிறகு மேலே வரவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

88 சதவீதம்னா உண்மையில் எவ்வளவு நேரம் இழப்பு?

இங்கேதான் கணக்கு சுவாரஸ்யமாகிறது. நம் பூதப்பாண்டி மாணவியின் லேப்டாப் சராசரியாக 8 வாட் மின்சாரம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேர்டில் டைப் செய்வது, பிடிஎஃப் படிப்பது மாதிரியான வேலைகள்.

• புதிதாக இருந்தபோது: 41 வாட் அவரை 8-ஆல் வகுத்தால் சுமார் 5 மணி 8 நிமிடம்

• 88 சதவீத ஹெல்த்தில்: சுமார் 4 மணி 31 நிமிடம்

• 60 சதவீத ஹெல்த்தில்: சுமார் 3 மணி 5 நிமிடம்

அதாவது 100-ல் இருந்து 88-க்கு வந்ததால் இழந்தது 37 நிமிடம்.

இப்போது அதே 88 சதவீத பேட்டரியில் ஸ்கிரீன் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, வீடியோ கால் பேசி, பிரவுசரில் இருபது டேப் திறந்து வைத்தால்? லேப்டாப் 14 வாட் இழுக்கிறது என்றால், கிடைப்பது 2 மணி 35 நிமிடம்தான். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போச்சு!

மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்ததற்குக் காரணம் 88 என்ற எண் இல்லை. என்ன வேலை ஓடுகிறது என்பதுதான். பேட்டரியை மாற்றியிருந்தாலும் அவருக்கு அதே பிரச்னை அடுத்த வாரமும் இருந்திருக்கும். 'பேட்டரி மாத்தணும்' என்ற முடிவுக்கு முன்னால், செட்டிங்ஸில் எந்த ஆப் அதிகமாக பேட்டரி சாப்பிடுகிறது என்ற பட்டியலைப் பார்ப்பது நல்லது.

சைக்கிள் கவுண்ட்: சார்ஜர் சொருகினாலே ஒரு சைக்கிளா?

இல்லை. 100 சதவீத அளவுக்கு மின்சாரம் பயன்படுத்தினால்தான் ஒரு சைக்கிள். திங்கள்கிழமை 60 சதவீதம், செவ்வாய்க்கிழமை 40 சதவீதம் பயன்படுத்தினால் இரண்டு நாளும் சேர்த்து ஒரு சைக்கிள். நடுவில் எத்தனை முறை சார்ஜர் சொருகினீர்கள் என்பது கணக்கில் வராது.

பொதுவாக லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 சைக்கிளுக்குப் பிறகு 80 சதவீத கொள்ளளவை நெருங்கும். சில மாடல்கள் இதைவிடவும் தாங்கும். தன்னுடைய இன்றைய மேக்புக் பேட்டரிகளுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு 1,000 சைக்கிள். தினமும் 60 சதவீதம் வீதம் ஆண்டுக்கு 300 நாள் பயன்படுத்தும் மாணவருக்கு, ஒரு வருடத்தில் 180 சைக்கிள் ஆகும். அப்படியென்றால் மூன்று வருட டிகிரி முடியும்போது 80 சதவீதத்தை ஒட்டி இருப்பது இயல்பு. அது பழுது இல்லை, வயது.

சில லேப்டாப்கள் சைக்கிள் கவுண்டை விண்டோஸுக்குச் சொல்வதே இல்லை. அங்கே பூஜ்யம் அல்லது வெறும் கோடு இருக்கும்.

பேட்டரியை உண்மையில் கெடுப்பது எது?

இரண்டே இரண்டு: சூடு, எப்போதும் முழு சார்ஜிலேயே வைத்திருப்பது.

லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் பக்க வேதிவினைகளில் கொஞ்சம் கொஞ்சமாக லித்தியம் சிக்கிக்கொள்கிறது. அதுதான் நாம் சொன்ன வண்டல். சூடும் உயர் வோல்டேஜும் இதை வேகப்படுத்துகின்றன. பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தாலும் இது நடக்கும். 'பேட்டரி யுனிவர்சிட்டி' என்ற தளம் வெளியிட்டுள்ள, பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஓர் அட்டவணையைப் பாருங்கள். ஓராண்டு சும்மா வைத்திருந்தால் மிஞ்சும் கொள்ளளவு இது:

• 25 டிகிரி செல்சியஸ், 40 சதவீத சார்ஜ்: 96 சதவீதம்

• 25 டிகிரி, முழு சார்ஜ்: 80 சதவீதம்

• 40 டிகிரி, முழு சார்ஜ்: 65 சதவீதம்

முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரியும். மெத்தை மேல் வைத்து காற்றுத் துளைகளை அடைப்பது, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பையோடு விட்டுவிட்டு வருவது, ராத்திரி முழுக்க சார்ஜரிலேயே விடுவது.. இதெல்லாம்தான் தவிர்க்க வேண்டியவை.

இதற்காக நிறுவனங்களே ஒரு வசதி தருகின்றன. ஏசர் லேப்டாப்களில் அந்த நிறுவனத்தின் ஆப் மூலம் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தலாம். டெல், ஹெச்பி மாடல்கள் பலவற்றில் பயாஸ் செட்டிங்கில் இந்த வசதி இருக்கிறது. எனவே '80-க்கு மேல ஏறவே மாட்டேங்குது, கெட்டுப்போச்சு' என்று கடைக்கு ஓடுவதற்கு முன்னால், இந்த செட்டிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

'கேலிபரேஷன்' பண்ணினா ஹெல்த் ஏறுமா?

யூடியூபில் அதிகம் சுற்றும் விஷயம் இது. முழுசா சார்ஜ் ஏற்றி, கிட்டத்தட்ட காலியாகும்வரை பயன்படுத்தி, மறுபடி நிறுத்தாமல் முழுசா ஏற்றுவதுதான் கேலிபரேஷன். இதைச் செய்தபின் ஹெல்த் எண் கூடலாம், குறையவும் செய்யலாம். ஆனால் பேட்டரியின் கொள்ளளவு ஒரு துளியும் மாறாது. மாறியது அளவுகோல்தான்.

குளத்தைத் தூர்வாரலாம். பேட்டரியைத் தூர்வார முடியாது. 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஆஃப் ஆகிறது என்றால் கேலிபரேஷன் செய்து பார்க்கலாம். மற்றபடி அடிக்கடி செய்தால் அதுவே தேய்மானம்.

எப்போ மாத்தணும்?

• ஹெல்த் 80-க்கு மேல்: எதுவும் செய்ய வேண்டாம்.

• 60 முதல் 80 வரை: உங்கள் வேலைக்கு நேரம் போதுமா என்பதுதான் கேள்வி. போதுமென்றால் அப்படியே ஓட்டலாம்.

• 60-க்குக் கீழ், அல்லது சார்ஜ் இருக்கும்போதே அடிக்கடி ஆஃப் ஆகிறது: மாற்றத் திட்டமிடலாம்.

• பேட்டரி உப்பியிருக்கிறது: டச்பேட் மேலெழும்புவது, மூடி சரியாக மூடாதது, அடிப்பகுதி வளைவது எல்லாம் அறிகுறிகள். ஹெல்த் 95 என்று காட்டினாலும் உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடக் கூடாது. அழுத்தவோ குத்தவோ கூடாது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். இதில் எண்ணை நம்பக் கூடாது, கண்ணை நம்புங்கள்.

மாற்று பேட்டரி வாங்கும்போது பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். பொருத்திய உடனே கடையிலேயே ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கவும். 'புதுசு' என்று கொடுத்த பேட்டரியில் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 75 சதவீதம் என்று காட்டினால் அங்கேயே கேட்கலாம்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவர்களுக்கும் இதே அறிவுரைதான். ரிப்போர்ட்டை மட்டும் பார்க்காமல், சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓடவிடுங்கள். ஹெல்த் 90 என்று சொல்லும் பேட்டரி அரை மணியில் 50 சதவீதம் இறங்கினால், அந்த 90 பொய்.

வாரண்டியும் சட்டமும் என்ன சொல்கின்றன?

லேப்டாப்புக்கு எத்தனை வருட வாரண்டி இருந்தாலும், பேட்டரிக்குத் தனியாக, பெரும்பாலும் ஒரு வருடம்தான் இருக்கும். இயல்பான தேய்மானம் வாரண்டியில் வராது. பழுதுதான் வரும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும். அதனால்தான் பெட்டியைத் திறந்த வாரத்திலேயே முதல் ரிப்போர்ட்டை எடுத்து மெயிலில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். சர்வீஸ் சென்டரில் நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஒரு படி முன்னால் போயிருக்கிறது. அங்கே 2025 ஜூன் முதல் விற்கப்படும் ஸ்மார்ட்போன்களின் பேட்டரி 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீத கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்பது விதி. 2027 பிப்ரவரி முதல், சாதனங்களில் உள்ள சிறிய பேட்டரிகளைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்பதும் சட்டமாகியிருக்கிறது.

இந்தியாவில் 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது என்பதும் அதில் அடக்கம்.

தமிழ்நாட்டுக்கு இது புது அனுபவமும் இல்லை. 2011 செப்டம்பரில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் வழங்கப்பட்டன. அதில் பல இன்று பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடுகின்றன, அல்லது பரணில் கிடக்கின்றன. ஊருக்குப் பக்கத்தில் நியாயமான விலையில் மாற்று பேட்டரியும், பழையதை வாங்கிக்கொள்ள ஓர் இடமும் இருந்தால் இப்போதைய 10 லட்சத்துக்கும் அந்த நிலை வராமல் தடுக்கலாம். நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் சர்வீஸ் சென்டரைத் தேடி ஒருநாள் கல்லூரிக்கு லீவு போட வேண்டிய மாணவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சரி, இப்போ என்ன பண்ணலாம்?

இன்றைக்கே ஒரு ரிப்போர்ட் எடுங்கள். தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். சார்ஜ் லிமிட் வசதி இருந்தால் ஆன் பண்ணுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு ரிப்போர்ட் எடுத்து ஒப்பிடுங்கள். நடுவில் தினமும் பார்த்துப் பதற வேண்டாம்.

88 என்பது ஃபெயில் மார்க் இல்லை. அந்த எண் அடுத்த ஒரு வருடத்தில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது.